முதுகுப் பக்கம்

பழைய பெட்டி மேசைக்கு அடியில் இருந்தது.
கறுப்பு. முன்மூடி உடைந்து
பொத்தான் இருந்த ஓட்டையில் ஒரு பேனா மூடி.
பிங்கர்போஸ்ட்டில் புல்லெல்லாம் உப்புப் பூத்துக் கிடக்கும்
ஜனவரி விடியல்களில்
அதன் பின்புற விசிறி
என் பாதங்கள் இரண்டையும் பார்த்துக்கொண்டது.
இரவு வேலையை நான் கேட்டு வாங்கியதற்கு
அதுதான் காரணம் என்று
லாட்ஜில் ஒருவருக்கும் தெரியாது.

புதியது பொங்கலுக்கு முந்தின வாரம் வந்தது.
அட்டைக்குள் அட்டை,
அதற்குள் வெள்ளைத் துணியுறை.
குன்னூரிலிருந்து வந்த ஜெரால்டு
கைகழுவிவிட்டுத்தான் தொட்டார்.
ஒற்றைக் கால். ஒற்றைக் கம்பி.
பக்கவாட்டில் பார்த்தால்
வர்க்கியைப் பிட்டால் உதிருமே, ஓர் அடுக்கு,
அவ்வளவுதான் கனம்.

"பெட்டி எங்கே?"
"இதுதான் பெட்டி."
"அப்போ திரை?"
"அதுவும் இதுதான் மேடம்."
காலால் கீழே துழாவினேன்.
சிமென்ட்.
பத்து வருஷத் தூசிக்கு நடுவே
சுத்தமாய் ஒரு சதுரம்.

போஜன் அண்ணன் அதை மூன்று முறை இடம் மாற்றினார்.
கடைசியில் வாசலைப் பார்த்து
அதன் முதுகைத் திருப்பி வைத்தார்.
அப்போதுதான் புரிந்தது,
அழகு முழுவதையும் முதுகில்தான் செய்திருக்கிறார்கள்:
மழை நின்றதும் கொழுந்தில் தெரிகிற பச்சை,
ஒரு திருகாணியும் கண்ணில் படாத வழவழப்பு,
நடுவில் மூக்குத்தி அளவுக்கு வெள்ளிச் சின்னம்.
வருகிறவர்கள் இ-பாஸை நீட்டுமுன்
அதைத்தான் பார்க்கிறார்கள்.
திருப்பூர்க் குடும்பம் ஒன்று
பையனைப் பக்கத்தில் நிறுத்திப் படம்கூட எடுத்தது.
அறைக்கு இருநூறு ஏற்றினார் அண்ணன்.
ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

எனக்கு வாய்த்தது முன்பக்கம்.
ஆதார் எண், முன்பணம், பாக்கி,
வெந்நீர் ஆறு முதல் எட்டு வரை.
கரண்ட் போனால்
மஃப்ளர் கட்டிய ஒருத்தி கறுப்பாய் என்னைப் பார்ப்பாள்.

இதை வரைந்தவரை அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.
எங்கோ ஒரு ஏசி அறையில்
இது வேண்டாம், அது வேண்டாம் என்று
அழித்து அழித்துக் குறைத்திருப்பார்.
மேசைக்கு அடியில் யாருடைய பாதமாவது இருக்கும் என்பது
அவர் தாளில் வந்திருக்காது.
குறையாகச் சொல்லவில்லை.
ஜவுளிக்கடைப் பொம்மையின் முதுகில்
எத்தனை குண்டூசி என்று
நானும்தான் எண்ணிப் பார்த்ததில்லை.
இங்கே குண்டூசிப் பக்கம் உட்கார்ந்திருப்பது நான்,
வித்தியாசம் அது ஒன்றுதான்.

தை முடியும் நேரம் ஒரு ராத்திரி.
தலைகுந்தாவில் கார் கூரையெல்லாம் வெள்ளை என்று
வாட்ச்மேன் ஹாலன் வந்து சொன்னார்.
விரல் மரத்து ஒரே பெயரை நான்கு முறை தப்பாய் அடித்தேன்.
எரிச்சலில் திரையைச் சாய்க்கப் போனபோது
மேல்விளிம்பில் உள்ளங்கை பட்டது.
சீப்புப் பல் மாதிரி நுண்ணிய ஓட்டைகள்,
எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தெரியாதவை.
அதிலிருந்து வெதுவெதுவென்று
ஒரு மூச்சு.

எல்லாவற்றையும் ஒளித்தவருக்கு
சூட்டை ஒளிக்க மட்டும் இடம் கிடைக்கவில்லை.

"மேலே எதையும் போட்டு மூடாதீங்க,
போர்டு போயிடும்," என்றார் ஜெரால்டு போனில்.
மூடவில்லை.
இரண்டு பக்கமும் வருகைப் பதிவேடுகளை அடுக்கி
அரையடி அளவுகோலைக் குறுக்கே வைத்து
ஈரம் ஏறிய சாக்ஸை அதில் தொங்கவிட்டேன்.
ஒரு ஜோடி காலில், ஒரு ஜோடி கொடியில்.
பதினொன்றிலிருந்து நான்கு வரை
இப்போதெல்லாம் அப்படித்தான்.

நேற்று இரண்டரை மணிக்கு ஒருவர் வந்தார்.
மேட்டுப்பாளையத்திலிருந்தே மூடுபனியாம்.
பையை இறக்கக்கூட இல்லை;
அந்தப் பச்சையையும்
அதன் தலைமேல் ஆடும் சாம்பல் நிறம் இரண்டையும்,
ஒன்றில் பெருவிரல் ஓட்டை,
வெகுநேரம் பார்த்தார்.
"நல்லாயிருக்கே, இது என்ன மாடல்?"

அறை ஏழு, என்றேன்.
வெந்நீர் ஆறு மணிக்கு.