கறுப்பு வாங்காதவர்

குழித்துறை கூட்டுறவு வங்கியில்
மூன்றாம் கவுண்டருக்குப் பின்னால் தொங்குகிறது.
பக்கத்தில் நின்றால் படமே இல்லை.
பச்சையில் ஒரு இழுப்பு, ஊதாவில் நாலு,
தோசைக்கல்லில் ஒட்டிக்கொண்ட மாவுபோல
அங்கங்கே வெள்ளை.
என் நாற்காலிக்கு மேலே ஒன்றரை அடி.
பதினோரு வருடம் அதன் கீழிருந்து
நோட்டு எண்ணியிருக்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை கரண்ட் போனது.
எதிர்க்கடையில் சாயா குடிக்கப் போனேன்.
ரோட்டைத் தாண்டித் திரும்பினால்,
வாசல் வெயில் நேரே அந்தச் சுவர்வரை போயிருந்தது.
சுவரில் ஆறு.
காலை ஏழு, ஏழேகால் இருக்கும்.
ராத்திரி மழைக்குச் செம்மண் கலங்கிய தண்ணீர்,
அதன் மேல்தோலில் மட்டும் வெளிச்சம் ஊறுகிறது.
சப்பாத்தின்மேல் ஒருத்தி
சேலையைக் கணுக்காலுக்கு மேல் பிடித்தபடி நடக்கிறாள்.
முகம் இல்லை,
அவசரம் உண்டு.
திருவட்டார் பஸ் ஒன்று குறுக்கே வந்து நின்றது.
அது போன பிறகும் ஆறு அங்கேயே இருந்தது.

வரைந்தவர் எங்கள் நகை மதிப்பீட்டாளர்
மாதேவன் ஆசாரி.
மூன்று வருடம் அடுத்த மேஜை.
வரைவார் என்று தெரியும்,
என்ன என்று ஒருநாளும் கேட்டதில்லை.
உரைகல்லில் வளையலை ஒரு இழுப்பு இழுப்பார்.
கல்லை ஜன்னலுக்குச் சாய்ப்பார், நிமிர்த்துவார்.
"இருபதுதான் பிள்ளே, எழுதிக்கோ."
அதற்குமேல் பேச்சில்லை.

பகல் முழுக்கக் கறுப்புக் கல்லைப் பார்த்த கண்
படத்தில் ஓரிடத்திலும் கறுப்பு வைக்கவில்லை.
மார்த்தாண்டத்துக் கடைக்காரர் சொன்னார்,
எல்லா டியூபும் எடுப்பார்,
அதை மட்டும் தள்ளி வைப்பார்.
நிழலுக்கு ஊதா.
பாறைக்கு நீலமும் கொஞ்சம் காவியும்.
அந்தப் பெண்ணின் கூந்தலுக்கு
நசுங்கிய நாவற்பழம்.

வாவுபலிப் பொருட்காட்சியில் ஒருமுறை வைத்தாராம்.
இந்தப் பக்கம் ஆள் உயரக் காய்ச்சில் கிழங்கு,
அந்தப் பக்கம் செந்துளுவன் குலை.
கிழங்குக்கு முதல் பரிசு.
படத்தின் முன்னால் ஒரு குடும்பம் நின்றது.
"மழையில நனைஞ்சு சாயம் ஓடிட்டு, பாத்தியா"
என்று தகப்பன் பிள்ளைக்கு விளக்கினான்.
பக்கத்திலேயே நின்ற ஆசாரி
"ஆமா, மழைதான்" என்றாராம்.

அவர் போன மாதம்
மகள் பார்கவி கொண்டுவந்து மாட்டியது இது.
மற்றது ஒன்பதும் கட்டிலுக்கு அடியில்.
"எல்லாம் இதே ஆறுதான்க்கா, இதே சப்பாத்து.
நேத்து வரைஞ்சதத்தானே இண்ணைக்கும் வரையுதிய,
அம்மா ஏசுவா.
நேத்து மேகம் கெடந்துல்லா, என்பாரு அப்பா."

அந்த வருடம் ஆடிட்டுக்கு முன்
சொத்துப் பதிவேடு நிரப்பியது நான்தான்.
மின்விசிறி ஆறு.
இரும்புப் பெட்டி ஒன்று.
சுவர்ப்படம் ஒன்று,
மதிப்புக் கட்டத்தில் ஒரு கோடு.

இப்போது பத்து மணிக்குமுன் தினமும் எதிர்க்கடை.
பெஞ்சின் மேற்கு ஓரம்தான் சரியான இடம்.
ஒரு ஆள் அளவு கிழக்கே நகர்ந்தாலும்
கதவின் நிலை மறைத்து
சப்பாத்து பாதியில் முறிந்துவிடும்.
நேற்று அங்கே ஒருவர் பேப்பர் விரித்திருந்தார்.
"கொஞ்சம் நீங்கி இருங்கண்ணே."
"எதுக்கு?"
கை நீட்டிக் காட்டினேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார்,
மறுபடி கழற்றிவிட்டுப் பார்த்தார்.
சாயா ஆறி ஆடை படர்ந்தது.
"வெளுப்புக்கே எங்க ஓடுதா அவ,
இத்தன தண்ணியில?"