மூலைகள்

உலான்பாத்தரின் வடக்குச் சரிவு.
நிலக்கரிப் புகைக்கு மேலே
செவெல்மாவின் வட்டக் கூடாரம்.
நான் நில அளவைக்காரன்,
குளிரில் பேனா எழுத மறுக்கும் வேலை.

"நாலு மூலையையும் காட்டுங்கள்" என்றேன்.
சுற்றுமுற்றும் பார்த்தாள்,
ஏதோ ஓர் ஆடு தொலைந்ததுபோல.

போன பனி மந்தையைத் தின்றுவிட்டதாம்.
முந்நூற்றுப் பன்னிரண்டு உருப்படி.
எவ்வளவு நிலத்தில் மேய்ந்தன?
"புல் இருந்த வரைக்கும்."
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

உள்ளே அழைத்தாள். உப்பிட்ட தேநீர்.
வாசல் தெற்கே.
மேற்கே விருந்தாளி, கிழக்கே பாத்திரங்கள்,
வடக்கே யாரும் சட்டென்று உட்காராத இடம்.
நடுவில் இரண்டு தூண்கள்.
ஊடே நுழையப் போனவனை
அவளுடைய ஆறு வயது மகள்
கால்சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.
தடுப்பே இல்லாத ஒற்றை அறை,
அதற்குள் எத்தனை எல்லைகளை
மிதித்துக்கொண்டு வந்தேனோ.

வெளியே வந்து முளை அடித்தேன்.
எழுநூறு சதுர மீட்டர்,
குடிமகனுக்கு ஒரே ஒரு முறை, இலவசம்.
வேலிக்குப் பலகை வாங்கக் காசில்லை:
லாரியின் பக்கத் தகடு,
யாரோ எறிந்த கார்க் கதவு,
தெற்கே ஓர் இரும்புக் கட்டில், செங்குத்தாக.

கூடாரம் வட்டம், பட்டா சதுரம்.
மிச்சம் விழுந்தவை மூலைகள்.
ஒன்றில் கரி. ஒன்றில் கழிப்பறைக் குழி.
ஒன்றில் நாய்.
அதற்கு வேலி புரியவில்லை,
எதிர்மலை முகடுவரை தனதென்று குரைத்தது.
நான்காவதை என்ன செய்வதென்று
செவெல்மாவுக்கும் தெரியவில்லை.

வசந்தத்தில் புகார்.
பக்கத்து மனைக்காரர் பதர்ச்:
வேலி ஒரு சாண் நகர்ந்திருக்கிறது.
நாடாவைப் பிடித்தேன்.
ஒரு சாண் இல்லை, முப்பத்தாறு சென்டிமீட்டர்.

அவள் மறுக்கவில்லை.
"ராத்திரி நான்தான் இழுத்தேன்.
வருஷத்துக்கு நாலு தடவை
வீட்டையே பிடுங்கி நட்டவள்.
ஒருத்தருக்கும் நிலம் குறைந்ததில்லை.
இங்கே எல்லாரும் இதைப் பற்றியே பேசுகிறார்கள்.
எப்படி இருக்கும் என்று பார்த்தேன்."

எப்படி இருந்தது?

யோசித்தாள்.
"கட்டில் கனம்" என்றாள்.

பிழை, 0.36 மீட்டர் என்று எழுதிக்கொண்டேன்.
பதர்ச் ஒரு முனை, நான் ஒரு முனை,
தூக்கிப் பழைய இடத்தில் வைத்தோம்.
மகள் எங்களைப் பார்க்கவே இல்லை.
நான்காம் மூலையில்
இன்னும் கரையாத பனிமேல் குந்தி
குச்சியால் ஒரு வட்டம் போட்டுக்கொண்டிருந்தாள்.
நாயை உள்ளே கூப்பிட்டாள்.
வாசல் விட்டிருந்த பக்கமாய்
அது வந்தது.