கைநாட்டு

இரவு பத்து நாற்பத்தேழு.
இட்லி அரிசி ஊறும் பாத்திரத்தில் என் கை.
துடைத்துவிட்டுத் திறந்தால்
ஹரீஷ் கௌடா அனுப்பியிருக்கிறான்:
நாளைக்கு ஐந்தரை, எச்.எஸ்.ஆர். ஸ்டோர்.
கூடவே ஒரு ரோஜா, ஒரு குட் நைட்.

ஊறிய அரிசியை இனி யார் ஆட்டுவது.

பார்த்தாயிற்று என்பதற்கு
மஞ்சள் கட்டைவிரல் ஒன்று போட வேண்டும்.
போடாதவள் பெயர் மறுநாள் பட்டியலில் இராது.
ரேஷன் கடையில் அப்பா
நீல மையில் விரலை உருட்டி எடுத்தபோது
வெட்கப்பட்டு வேறு பக்கம் பார்த்தவள் நான்.
பி.காம். முடித்தேன், இரண்டாம் வகுப்பில்.
நாள் தவறாமல் கைநாட்டு வைக்கிறேன்.

ஈஜிபுரா சிக்னலில் முதல் பஸ்.
கண்டக்டர் கிழித்துத் தரும் பூஜ்ய ரூபாய் டிக்கெட்டில்கூட
நேரம் அச்சாகியிருக்கிறது: 4.52.

ஷட்டர் பாதிதான் ஏறியிருக்கிறது.
"ஆர்டர் இல்லக்கா. பதினொண்ணுக்கு லாகின் பண்ணு."
ஐந்தரைக்கும் பதினொன்றுக்கும் நடுவில்
கவிழ்த்த தக்காளி கிரேட்டின் மேல் உட்கார்ந்திருக்க
மணிக்கு எவ்வளவு என்றேன்.
சிரித்தான்.
கெட்டவன் இல்லை.
அவனுக்கும் பத்தரைக்குத்தான் யாரோ அனுப்புகிறார்கள்.

எங்கள் தெருக் குழாய்க்கு செவ்வாய், வெள்ளி.
வராவிட்டால் போய்ச் சண்டை போட
ஒரு ஜன்னலாவது இருக்கிறது.

சஞ்சுக்தா, ஒடிசாக்காரி,
வெள்ளரிக்காய்ப் பெட்டிக்கு அடியில் மறைத்து
ஒரு மனுவைக் கொண்டுவந்தாள்.
மூன்று மொழியில். தமிழில் மட்டும் நாலு பிழை.
ஒரு வாரம் முன்னால் நேரத்தைச் சொல்.
வந்தவளைத் திருப்பி அனுப்பினால் பாதிக் கூலி கொடு.
இதைச் சட்டத்தில் எழுது.
அவ்வளவுதான்.

பேனா பிடித்து எத்தனை நாள்.
எமல்டா என்று எழுதினேன்.
இடம் மிச்சமிருந்தது,
அப்பா பெயரையும் எழுதினேன்.

கையெழுத்துப் போட்டவர்கள் நாற்பத்தொன்று.
தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனவர்கள் ஏழு.
அதிகாரி கண்ணாடியைக் கழற்றி
தாளையும் எங்களையும் எண்ணினார்.
"மத்தவங்க எங்க?"
சஞ்சுக்தா தன் உடைந்த கன்னடத்தில் சொன்னாள்:
"அதைத்தான் சார் எழுதியிருக்கோம்."

கொஞ்ச நேரம் ஃபேன் மட்டும் பேசியது.
பிறகு முத்திரை குத்தி ஆளுக்கொரு தாள்:
அடுத்த விசாரணை
இருபத்துமூன்றாம் தேதி, திங்கள், பகல் பதினொன்று.

பத்தொன்பது நாள் கழித்து
நான் எங்கே இருப்பேன் என்று
எனக்கு எழுத்தில் கிடைத்த முதல் தாள்.
உளுந்து டப்பாவின் கீழ் வைத்திருக்கிறேன்.
இரண்டு முறை எடுத்துப் பார்த்தாயிற்று.

ஞாயிறு இரவு பத்து நாற்பத்தேழுக்கு
போன் ஒளிரும், தெரியும்.
அரிசியை ஊறப்போட்டுவிட்டுத்தான் எடுப்பேன்.