சுலபம் என்று எழுதுமுன்

"சுலபமான நடை, எல்லோரும் வரலாம்" என்று
போன மாசம் நோட்டீஸில் போட்டுவிட்டேன்.
வந்தவர்களில் இருவர் பாதியில் திரும்பினார்கள்.
கோபம் இல்லை, "பரவால்லீங்க" என்றார்கள்.
அந்தப் பரவாயில்லை
காலிப்பருக்குள் போன மணல் மாதிரி
வாரம் பூராவும் உறுத்தியது.

அதனால் இந்தத் தடவை சனிக்கிழமையே
காங்கேயத்தில் டவுன் பஸ் பிடித்து இறங்கி
கட்டையை ஊன்றிக்கொண்டு
இட்டேரியை நானே அளந்தேன்.
என் இடது கால் ஒத்துக்கொண்டால்
ஊரே ஒத்துக்கொள்ளும் என்றிருந்தேன்.
அந்தத் தப்பை இன்னும்
முழுசாகத் திருத்திக்கொள்ளவில்லை.

பஸ் நிற்கிற இடத்திலிருந்து புளியமரம் வரை தார்ரோடு.
வேகத்தடை இரண்டு.
அப்புறம் இரு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் வண்டித்தடம்.
மணல், நூற்று நாற்பது தப்படி
(என் தப்படி. மற்றவர்களுக்கு எண்பது இருக்கும்).
ஏற்றம்: நடக்கிறவர் கண்ணுக்கு இல்லை,
சக்கரம் தள்ளுகிறவர் தோளுக்கு உண்டு.
நிழல்: வெள்வேல மரம் பதினொன்று,
ஒன்பது மணிக்கு மேல் அதுவும் பாதி.
உட்கார: கல் ஒன்று. எறும்பு இருக்கிறது.
கழிப்பறை என்று எழுதி
எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டேன்.
பிறகு, கடவு.

வேலிக்கு நடுவே இரண்டு கல் நட்ட சந்து.
ஆள் ஒருக்களித்தால் போகலாம், மாடு போகாது.
யாரோ கணக்காக யோசித்து நட்டது.
அந்தக் கணக்கில்
சக்கரம் வைத்த மனுஷி வரவில்லை.
நானும் பார்த்தேன், நோட்டில் குறித்தேன்,
"சமாளிக்கலாம்" என்று
பக்கத்திலேயே எழுதினேன்.

ஞாயிறு காலை ஆறரைக்கு ஒன்பது பேர்.

செம்மலையண்ணனுக்குக் கண் தெரியாது.
குச்சியை வேலியில் உரசியபடி
எல்லோருக்கும் முன்னால் போய்விட்டார்.
வேலி ஓட்டை விழுந்த இடமெல்லாம்
சத்தத்திலேயே அவருக்கு அத்துப்படி.
தெய்வாத்தாக்கா பைபாஸ் செய்துகொண்டவர்.
ஐம்பது அடிக்கு ஒருமுறை நின்று
"குயிலு பாக்கறனுங்" என்பார்.
குயில் கூவவே இல்லை.
தூத்துக்குடி சவரிராயனுக்கு
வாதத்தில் வலப்பக்கம் பாதிதான் பேசும்.
"கரை வரைக்கும்னு போட்டிருந்தீங்களே" என்றார்.
குளத்துக் கரை என்றேன்.
சிரித்தார், இடப்பக்கம் மட்டும்.

மணலில் கவின்மதியின் நாற்காலி இரண்டு முறை புதைந்தது.
தம்பி தள்ள, யாரோ இழுக்க, வந்துவிட்டோம்.
கடவில் நின்றுவிட்டோம்.
நாற்காலி அரை முழம் அகலம் அதிகம்.
அவளை மட்டும் தூக்கிக்கொள்ளலாம் என்றார் ஒருவர்.
நான் என் கட்டையின் ரப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள்தான் கேட்டாள்:
"மாடு எப்படிங்க உள்ள போவும்?"

போகும். மேவரத்தில் படல் இருக்கிறது.
பொங்கியண்ணன் டிவிஎஸ்ஸை நிறுத்திவிட்டு வந்தார்.
"தொறந்து வுட்டு மாடு வெளிய போயிருச்சுன்னா?"
"நாங்க ஒம்போது பேரு இருக்கறமுங்க,
பாத்து மறிச்சுக்கறமுங்க" என்றார்
செம்மலையண்ணன்.
பொங்கியண்ணன் அவர் குச்சியைப் பார்த்தார்.
என் காலைப் பார்த்தார்.
சிரிக்கக் கூடாது என்று ரொம்பப் பாடுபட்டு
தோற்றுப்போய்
படலைத் தூக்கினார்.

உள்ளே கொரங்காடு.
கொழுக்கட்டைப் புல்லில் ஈரம் காயவில்லை.
மயிலைக் கிடாரி ஒன்று வந்து
சக்கரத்தை முகர்ந்து, நக்கிப் பார்த்து,
உப்பில்லை போல, போய்விட்டது.
கவின்மதி கையை எடுக்கவே இல்லை
அது இருந்த இடத்திலிருந்து.

குளத்தில் கணுக்கால் தண்ணீர்.
சவரிராயன் வெகுநேரம் நின்றார்.
"சிறுசுதான்" என்றார்.
செருப்பைக் கழற்றினார்.

ராத்திரி நோட்டீஸை மறுபடி எழுதினேன்.
சுலபம், அடித்தாயிற்று.
சமாளிக்கலாம், அதையும்.
மணல் எண்பது தப்படி; மழைக்கு மறுநாள் இறுகியிருக்கும்.
தள்ள இருவர் வேண்டும்.
கடவு வழியாக வேண்டாம், எல்லோரும்
மாடு போகிற வழியாகப் போகவும்.
பொங்கியண்ணன் முதலில் முறைப்பார், நிற்கவும்.
ஆகும் நேரம்:
தெய்வாத்தாக்காவுக்கு
எத்தனை குயில் தேவையோ அத்தனை.