பெயிண்ட் தேயும் இடம்

மே மாதப் போட்டிக்கு முன்னால்
அரசரடி மைதானத்தில்
வருஷா வருஷம் கோடு போடுகிறவன் நான்.
ஆட்டம் முழுசாகப் பார்த்ததில்லை.
தரையைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் நான் பிரஷ் பிடித்த காலத்தில்
கூடைக்குக் கீழே உள்ள கட்டம்
பாவாடை மாதிரி அடியில் விரிந்திருக்கும்.
அதற்குள் நிற்பவர் கனகவேல்.
மின்வாரிய அணி. ஆறடி நாலங்குலம்.
ஐந்தாம் நம்பர் என்பார்கள்.
பனியனில் பதினொன்று இருக்கும்.
அது வேறு நம்பர், இது வேறு நம்பர் என்று
எனக்கு விளங்கவே இரண்டு மே ஆனது.

ஒன்று பந்தைக் கொண்டுவரும்,
இரண்டு எறியும்,
மூன்று ஓடும்,
நான்கு இடிக்கும்,
ஐந்து நிற்கும்.
ஐந்து எறிந்தால்
பெஞ்சிலிருந்து வசவு வரும்.

கனகவேல் நின்ற இடத்தில் மட்டும்
பெயிண்ட் தங்காது.
மூன்று கோட்டிங் கொடுத்தாலும்
அரையிறுதிக்குள் சிமெண்ட் பல்லைக் காட்டும்.
வளைவு வந்து முடியும் மூலைகளிலோ
போன வருஷத்து வெள்ளை அப்படியே இருக்கும்,
கச்சேரியில் யாரும் உட்காராத
முன்வரிசை நாற்காலி போல.

அப்புறம் ஒரு வருஷம்
புது வரைபடம் கொடுத்தார்கள்.
பாவாடையைப் பெட்டியாக்கு.
வளைவை வெளியே தள்ளு, ஐம்பது சென்டிமீட்டர்.
பூக்காரம்மா அளந்தால் ஒன்றரை முழம்.
இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று
பழைய கோட்டின் மேல் பச்சையைப் பூசினேன்.
வெயில் ஏற ஏற
அது அடியிலிருந்து எட்டிப் பார்த்தது.

அந்த மே மாதம்
கனகவேல் வழக்கமான இடத்தில் போய் நின்றார்.
பையன்கள் வளைவுக்கு வெளியிலேயே
பந்தைச் சுற்றினார்கள்.
வெளியிலிருந்தே எறிந்தார்கள்.
ஒரு கையைத் தூக்கியபடி நின்றார் அவர்,
ஸ்டாப் இல்லாத இடத்தில்
பஸ்ஸை மறிக்கிறவர் போல.

இப்போது வருகிறவன் தவசி.
செல்லம்பட்டிக்காரன். ஆறடி ஒன்பது.
எங்கோ வடக்கே சம்பளத்துக்கு ஆடுகிறான்.
லீவில் வந்து நம் போட்டியிலும் இறங்குவான்.
அந்த உயரத்தை வைத்துக்கொண்டு
அவனே பந்தைத் தட்டிக்கொண்டு வருகிறான்!
ஐந்தரை அடி இலியாஸ்
பெட்டிக்குள் புகுந்து முதுகைக் கொடுத்துத் தள்ளுகிறான்.
கோடு காயும் வரை ஓரமாக நின்றவனிடம் கேட்டேன்:
நீ எத்தனாம் நம்பர் தம்பி?
"அதெல்லாம் இப்ப யாரும் கேக்குறதில்லண்ணே.
ஆளில்லாத இடம் எதுவோ
அங்க நிக்கணும்."
கொஞ்சம் கழித்து,
"முதல்ல சேர்ந்தப்ப எனக்கும் பயம்தான்.
கூடைக்கு அடியில நின்னா
நம்மள நாமளே தேட வேண்டாம்ல."

இறுதிப் போட்டி அன்று காலை
பழைய ஆட்டக்காரர்களுக்கு ஒரு ஆட்டம் வைத்தார்கள்.
கனகவேல் வந்திருந்தார்.
முழங்காலில் பட்டை, நெற்றியில் திருநீறு.
கால் பழக்கத்தில் பெட்டிக்குள் போனது.
நின்றார்.
பிறகு என்ன நினைத்தாரோ
மெல்ல நடந்து மூலைக்குப் போனார்.
அவரை ஒருவரும் மறிக்கவில்லை.
அவரை அவர்களுக்குத் தெரியும் அல்லவா.

பந்து வந்தது.
எறிந்தார்.
கூடை இல்லை, வளையம் இல்லை,
போர்டின் ஓரத்தில் பட்டு
சர்பத் வண்டியின் சக்கரத்துக்குள் போய் நின்றது.
எல்லோரும் சிரித்தார்கள், அவரும்.
அடுத்த முறையும் அந்த மூலைக்கே போய்
இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே
விரித்து வைத்துக்கொண்டார்.

ஷாமியானா பிரித்த மறுநாள்
குனிந்து தரையைப் பார்த்தேன்.
எந்த இடமும் வழுக்கை இல்லை,
எந்த இடமும் புதுசாக இல்லை.
மூலை, வளைவு, நடுவட்டம்,
எங்கும் கொஞ்சம் கொஞ்சம்.

அடுத்த வருஷத்துக்கு
நாலு லிட்டர் கூடுதலாக எழுதிக் கொடுத்தேன்.
கண்ணாடியை இறக்கிவிட்டு
எந்த இடத்துக்கு என்று
கேட்கிறார் கிளார்க்.