முப்பத்தைந்து விழுக்காடு

ஏலத்தில் எடுத்த வீடு.
பகாவ் டவுனுக்கு வெளியே
செம்பனை ஆலைப் புகை காயும் துணியில் படிகிற தாமானில்
ஓரத்திலிருந்து இரண்டாவது கதவு.
மலிவு என்றார்கள்.
மலிவில் எதெல்லாம் சேராது என்று
சாவி கைக்கு வந்தபின்தான் எண்ணினோம்.
மின்சார மீட்டரைக் கழற்றியிருந்தார்கள்,
குசினியில் சிங்கி இருந்த இடத்தில் இரண்டு துளை,
ஜன்னலில் எட்டுக் கண்ணாடிக்கு மூன்று.
கூரை இருந்தது. அதற்குள் வானமும் இருந்தது.

வங்கியில் புவான் ரொஸ்னா
ஒரே கடனை இரண்டாகப் பிளந்து காட்டினாள்:
இது வீடு வாங்க,
இது அதை வீடாக்க.
முதலாவது ஒரே மூச்சில் போய்விடும்.
இரண்டாவது, சுவர் எழும்பினால் கொஞ்சம்,
கூரை மூடினால் கொஞ்சம்.
"முதல்ல கோப்பையைக் கட்டு, அப்புறம்தான் பால்"
என்று என் காதில் சொன்னான் சந்திரகாசன்.
இருபத்தேழு இடத்தில் கையெழுத்து.
என் பெயரும் அவன் பெயரும்
இத்தனை முறை அடுத்தடுத்து
கல்யாணப் பத்திரிகையில்கூட வந்ததில்லை.

பணம் வரட்டும், ஏறுகிறேன் என்றான் குத்தகைக்காரன் ஆ லோக்.
ஏறட்டும், பணம் வரும் என்றது வங்கி.
இரண்டுக்கும் நடுவே ஒரு நீலக் கித்தான்.
வாடகையும் வட்டியும் ஒரே சம்பளத்தில் இறங்காமல்
ஒரு வியாழக்கிழமை
அந்தக் கித்தானுக்கடியில் குடிவந்தோம்,
நாங்கள், ரைஸ் குக்கர்,
கையுறைத் தொழிற்சாலையில் எனக்குக் கொடுத்த இரண்டு சீருடை.
பால் காய்ச்சினோம்.
பொங்குமுன் மழை வந்தது.

அடுத்த வாரம் ஒருவர்
மோட்டார் சைக்கிளை நிறுத்தி, தொப்பியைக் கழற்றாமல் கேட்டார்:
"தபால் ஏதும் வந்துச்சா?"
வந்திருந்தது. ஒரு கட்டு.
எல்லாவற்றிலும் சிவப்பு முத்திரை,
எல்லாவற்றிலும் குணசீலன் த/பெ மாரியப்பன்.
உள்ளே வாங்க என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவர் வாசலில் நின்று அவரையே
எப்படி வாங்க என்பது?

வாங்கிக்கொண்டவர் கித்தானை அண்ணாந்து பார்த்தார்.
"ஓட்டை மாத்திராதீங்கம்மா, நல்ல ஓடு.
தண்ணி இறங்குறது பக்கத்து வீட்டுச் சுவரும்
தகரத் தூம்பும் சேர்ற மூலையில.
நான் மூணு வருசம் முகட்டுலயே பூசிக்கிட்டிருந்தேன்.
கண்டுபிடிச்ச மாசம்தான் இவங்க ஒட்டிட்டுப் போனாங்க."
கதவில் எந்த உயரம் என்று
கையால் காட்டினார், நோட்டீஸ் ஒட்டிய இடத்தை.
அங்கே சாயம் இன்னும் சதுரமாக உரிந்திருக்கிறது.

சுவர் எழும்பியது.
மதிப்பீட்டாளர் வந்தார், பையன் வயசு.
குசினியைப் படமெடுக்க
என்னைக் கொஞ்சம் ஓரமாக நிற்கச் சொன்னார்.
முப்பத்தைந்து விழுக்காடு முடிந்தது என்று எழுதினார்.
அந்த முப்பத்தைந்தில் நான் சேரவில்லை போலும்.

பணம் வந்து, ஆ லோக் ஏறி
முகட்டைத் தட்டிப் பார்த்துச் சிரித்தான்:
"சிமெண்ட் நல்லதுலா. இடம்தான் தப்பு."
மூலையை அடைக்க ஒரு நாள், முன்னூறு வெள்ளி.
மிச்சம் ஆறாயிரம் என்று துள்ளினோம்.
மிச்சமில்லை.
படிவத்தில் கூரை என்றிருக்கிறது,
அதைக் குசினிக்குத் திருப்ப
இன்னும் ஒன்பது கையெழுத்து.

நேற்றிரவு நல்ல மழை.
பழக்கத்தில் எழுந்து பேசினைத் தேடி
மூலையில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.
விடியும்போது பேசினில்
ஒரு செத்த ஈசல், அவ்வளவுதான்.

தண்ணீர்க் கணக்கு இன்னும் அவர் பெயரில்தான்.
மாற்ற சிரம்பானுக்குப் போகவேண்டும், அரைநாள் கூலி போகும்.
வேலைக்குப் போகிற வழியில் தபால் நிலையத்தில்
பன்னிரண்டு வெள்ளி நாற்பது காசு கட்டினேன்.
ரசீதை பஸ்ஸில் விரித்துப் படித்தேன்.
குணசீலன் த/பெ மாரியப்பன்.
பாக்கி: இல்லை.