இரண்டாவது ல

டோர்ட்மண்ட். இரவு பதினொன்றரை.
வேகமாகத் தட்டினால்
‘இல்லை’ ‘இலை’யாகிறது.
கோபம் இலை என்றா
ஜெனிற்றாவுக்கு அனுப்புவது?

கவிழ்த்துத் தட்டினேன்:
ப்ரெட்செல் உப்பு, ஒரு நகத்துண்டு.
கம்பியைத் துளை மாற்றிச் செருகினேன்.
அணைத்து எழுப்பினேன்.
மெல்ல அடித்தால் சரியாக வருகிறது;
மெல்ல அடித்தால்
கோபமும் வருகிறது.

அமைப்புகளின் அடியில் அகப்பட்டது:
கை நடுங்குவோருக்கான ஒரு வசதி.
வலது ஷிப்டை எட்டு விநாடி அழுத்தினால் விழிக்கும்;
அடுத்தடுத்த தட்டலை
நடுக்கமென்று மன்னித்துவிடும்.

எட்டு விநாடி.
அவள் பெயரின் ‘ஜெ’வுக்காக ஊன்றிய விரல்
அங்கேயே நின்ற நேரம்.
ஜெர்மனில் ஏதோ கேட்டது;
‘யா’ என்றேன், படிக்காமல்.

நடுக்கமெல்லாம் இல்லையென்று நிறுத்தினேன்.
இப்போது இரண்டு ‘ல’வும் வருகின்றன.
கடிதம்தான்
இன்னும் போகவில்லை.